தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதல், படிப்புக்கு?

மூன்று மணி நேரத் தேர்வு என்றால், டிஸ்லெக்ஸியா என்ற வாசிப்புக் குறைபாட்டுக்குச் சான்றிதழ் பெற்ற மாணவருக்கு அது நான்கு மணி நேரம். மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தர வேண்டும் என்கின்றன மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகள். எழுத வராது என்றால், சொல்வதை எழுத ஒருவர் பக்கத்தில் உட்காரலாம். பார்வையற்றவர்களும் கை இயக்கம் பாதிக்கப்பட்டவர்களும் அவர்களுடைய பெற்றோரும் ஆண்டுக்கணக்காக அலுவலகப் படியும் நீதிமன்றப் படியும் ஏறி வாங்கிய உரிமைகள் இவை. இதில் ஒரு நிமிடம்கூடக் குறையக் கூடாது.

ஆனால் ஒரு செமஸ்டருக்கு வேலை நாட்கள் 90. அந்த நாட்களில் வகுப்பில் ஓடும் பாடத்தைக் குறிப்பெடுக்க வேண்டும். ஜெராக்ஸ் எடுத்த நோட்ஸைப் படிக்க வேண்டும். அசைன்மென்ட், செமினார், இன்டர்னல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். தேர்வறையில் உதவிக்கு ஆள் கொடுக்கும் ஏற்பாடு, இந்த 90 நாட்களில் அந்த மாணவரைத் தனியே விட்டுவிடுகிறது. படிக்கவே முடியாமல் போன பாடத்தை எழுதுவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் கொடுத்தால், வெள்ளைத்தாளை இன்னும் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடியும். சொல்வதை எழுதுபவர், சொன்னால்தானே எழுதுவார்?

இதைப் பாளையங்கோட்டையில் நின்று கேட்பதற்குத் தனிக் காரணம் உண்டு.

தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று இந்த ஊரைச் சொல்வார்கள். முருகன்குறிச்சிக்கும் ஐகிரவுண்டுக்கும் இடையில் பேருந்தில் போகிறவர் எத்தனை கல்லூரி வாசல்களைத் தாண்டுகிறார் என்று பார்த்தால் அந்தப் பெயர் மிகை இல்லை என்று தெரியும். ஆனால் ஊரின் உண்மையான பெருமை அந்தப் பட்டத்தில் இல்லை. 1890-ல் இங்கே ஆஸ்க்வித் என்ற மிஷனரிப் பெண்மணி பார்வையற்றோருக்கான பள்ளியைத் தொடங்கினார். இந்தியாவில் பார்வையற்றோருக்கான முதல் பள்ளி அமிர்தசரஸில் தொடங்கியது 1887-ல்தான். மூன்றே ஆண்டுகளில் பாளையங்கோட்டை தொடர்ந்தது. 1897-ல் ஃப்ளாரன்ஸ் ஸ்வைன்சன் என்ற இன்னொரு பெண்மணி காது கேளாத குழந்தைகளுக்கான பள்ளியைத் தொடங்கினார். அவர் பெயரிலேயே அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது.

ஆஸ்க்வித் செய்த வேலையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பார்வையற்ற குழந்தையை வகுப்பில் உட்காரவைத்து, காதால் கேட்டுக்கொள் என்று அவர் விட்டுவிடவில்லை. தமிழை விரலால் தடவிப் படிக்க ஒரு பிரெய்ல் முறையை அமைத்தார். இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்ல் வந்தது 1951-ல். அதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் முன்னதாகவே, குழந்தைக்கு ஏற்ற கற்பிக்கும் முறையும் அந்த முறை தெரிந்த ஆசிரியரும் வேண்டும் என்பதை இந்த ஊர் புரிந்துகொண்டிருந்தது. கருணை உள்ளவர்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். பாளையங்கோட்டை கொடுத்தது ஒரு தொழில்நுட்பம்.

இங்குள்ள சாராள் தக்கர் கல்லூரியின் பெயரும் இதைத்தான் நினைவூட்டுகிறது. சாராள் தக்கர் இங்கிலாந்தில் வாழ்ந்த உடல் ஊனமுற்ற பெண். சென்னையில் மிஷனரியாக இருந்த தம் சகோதரர் ஜான் தக்கர் மூலம் தெரிந்துகொண்ட ஊருக்காகப் பணம் திரட்டினார். இந்த ஊரை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. திருநெல்வேலிப் பெண்களில் பல தலைமுறையினருக்குப் பட்டம் கொடுத்த கல்லூரி ஒரு மாற்றுத்திறனாளியின் பெயரைத் தாங்கி நிற்கிறது என்பது, அதில் படித்த பலருக்கே தெரியாத செய்தியாக இருக்கும்.

இத்தனை பழமையான அந்த அறிவு பள்ளியோடு நின்றுபோனது. கல்லூரியில் சேர்ந்ததும் மாணவர் ‘பெரியவர்’ ஆகிவிடுகிறார். அவர் தானே படித்துக்கொள்ள வேண்டும். நல்ல மனம் கொண்ட பேராசிரியர் ஒருவர் மாலையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார். பக்கத்துப் பெஞ்சுக்காரி தன் நோட்டைப் படித்துக் காட்டுவாள். அந்தப் பேராசிரியருக்கு மாறுதல் வந்தாலோ, பக்கத்துப் பெஞ்சுக்காரிக்குக் கல்யாணம் ஆனாலோ எல்லாம் முடிந்தது.

டிஸ்லெக்ஸியாவைப் பற்றிய முதல் மருத்துவக் குறிப்புகளில் ஒன்று ஸ்வைன்சனின் பள்ளிக்கு ஓராண்டு முன்னால் எழுதப்பட்டது. 1896 நவம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர் பெர்சி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி எழுதினார். விளையாட்டில் கெட்டி, கணக்கில் கெட்டி, பேச்சில் குறையில்லை. எழுத்து மட்டும் கூடவில்லை. தன் பெயரையே தப்பாக எழுதினான். பாடம் முழுக்க வாய்மொழியாக நடந்தால் இந்தப் பையன்தான் பள்ளியிலேயே முதல்வனாக இருப்பான் என்பது அவனுடைய ஆசிரியரின் கருத்து. அந்த ஆசிரியர் சொன்னதை நூற்றி முப்பது ஆண்டு ஆராய்ச்சி பெரிதாக மாற்றிவிடவில்லை. இது அறிவுக் குறைவும் இல்லை, சோம்பலும் இல்லை. ஒலியையும் எழுத்தையும் சட்டெனப் பொருத்தும் மூளையின் வேலை சிலருக்கு வேறு மாதிரி நடக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு, படிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் வரும் கற்றல் குறைபாடுகளைச் சேர்த்துப் பள்ளி வயதுக் குழந்தைகளில் நூற்றுக்கு 5 முதல் 15 பேருக்கு அவை இருக்கும் என்கிறது.

மொழிக்கு மொழி இதன் முகம் மாறும். 2001-ல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. இத்தாலி, பிரான்ஸ், பிரிட்டன் மூன்று நாடுகளின் பல்கலைக்கழக மாணவர்களை எடுத்துக்கொண்டார்கள். டிஸ்லெக்ஸியா உள்ளவர்களின் மூளை, வாசிக்கும்போது மூன்று நாட்டிலும் ஒரே விதமாகத்தான் நடந்துகொண்டது. ஆனால் இத்தாலிய மாணவர்கள் மற்ற இரு நாட்டினரைவிடத் திருத்தமாக வாசித்தார்கள். இத்தாலிய மொழியில் எழுதியபடியே வாசிக்கலாம் என்பதுதான் காரணம். ஆங்கிலத்தில் அது நடக்காது. ‘தோ’, ‘த்ரூ’, ‘காஃப்’, ‘டஃப்’ என்று நான்கு விதமாக உச்சரிக்கப்படும் நான்கு சொற்கள் ஆங்கிலத்தில் ஒரே நான்கு எழுத்துகளில் முடிகின்றன.

தமிழ் இந்த வகையில் இத்தாலிய மொழிக்குப் பக்கத்தில் நிற்கும் மொழி. ‘க’ என்ற ஒரே எழுத்துக்கு இடத்தைப் பொறுத்துப் பல ஒலிகள் உண்டு என்றாலும், தமிழ் பேசுபவருக்கு அது தானாக வந்துவிடும். ரகர றகரம், லகர ளகர ழகரம் எழுதும்போது தடுமாற்றம் வரும். பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரம் வேறு. ஆனாலும் தமிழ்வழியில் படிக்கும் டிஸ்லெக்ஸியா குழந்தை பெரும்பாலும் தப்பாகப் படிப்பதில்லை, மெதுவாகப் படிக்கிறது. மெதுவாகப் படிக்கும் பிள்ளையை எந்தப் பள்ளியும் மருத்துவரிடம் அனுப்புவதில்லை. ‘இன்னும் கொஞ்சம் நல்லாப் படிக்கணும்’ என்று ரேங்க் கார்டில் எழுதி விட்டுவிடுகிறார்கள். மனப்பாடமும், காதால் கேட்டதும், பிளஸ் டூவில் தேர்வுக்கு முன் வந்த முக்கிய வினாக்களின் பட்டியலும் சேர்ந்து அந்தப் பிள்ளையைக் கரையேற்றிவிடுகின்றன.

களக்காட்டிலிருந்தோ முக்கூடலிலிருந்தோ அப்படிக் கரையேறி வரும் ஒரு மாணவியை எண்ணிப் பார்க்கலாம். வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் அவர். விலங்கியல் கிடைக்கிறது. முதல் நாளே பாடப்புத்தகம் ஆங்கிலத்தில். பன்னிரண்டு ஆண்டுகளாகத் தமிழ் எழுத்து மறைத்துவைத்திருந்த சிக்கல் ஒரே வாரத்தில் வெளியே வந்துவிடுகிறது. ஒரு பக்கத்தைப் படிக்க முக்கால் மணி நேரம் ஆகிறது, கடைசி வரிக்கு வரும்போது முதல் வரி மறந்துபோகிறது. அவர் இதற்குக் கண்டுபிடிக்கும் காரணம் ஒன்றே ஒன்று: ‘எனக்கு இங்கிலீஷ் வராது.’ ஆசிரியரும் அதையே சொல்கிறார். வீடும் அதையே நம்புகிறது. முதல் செமஸ்டரில் மூன்று அரியர், அடுத்த செமஸ்டரில் நான்கு.

ஆங்கிலப் பழக்கம் இல்லாததால் தடுமாறுபவர்களும், டிஸ்லெக்ஸியாவால் தடுமாறுபவர்களும் ஒரே வகுப்பில் ஒரே மாதிரித்தான் தெரிவார்கள். முதல் வகையினருக்கு ஓராண்டுப் பழக்கம் போதும். இரண்டாம் வகையினருக்கு அதே வகுப்பை இன்னும் சத்தமாக, இன்னும் அதிக நேரம் நடத்துவதால் பயனில்லை. இருவரையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். தமிழ்நாட்டில் உயர்கல்விக்கு வருபவர்களின் விகிதம் 2021-22-ல் 47 சதவீதம். நாட்டின் சராசரி அந்த ஆண்டில் 28.4 மட்டுமே. இது தமிழ்நாடு கொண்டாட வேண்டிய எண். இவ்வளவு அகலமாகக் கதவைத் திறந்தால் எல்லா விதமாகப் படிக்கும் பிள்ளைகளும் உள்ளே வருவார்கள். அவர்களுக்கான ஏற்பாடு, மேல்தட்டுப் பிள்ளைகள் மட்டும் வந்த காலத்தின் ஏற்பாடாகவே இருக்க முடியாது.

சட்டம் இதில் பின்தங்கவில்லை. 1995-ன் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே கணக்கில் எடுத்தது, கற்றல் குறைபாடு அதில் இல்லை. 2016-ன் சட்டம் அதை 21 வகையாக விரித்தது. கற்றல் குறைபாடு உள்ளே வந்தது. அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் 5 சதவீத இடம் ஒதுக்க வேண்டும் என்றது 32-வது பிரிவு. 2017 டிசம்பரில் மாற்றுத்திறனாளிகள் உரிமைக் குழு தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டைக் கட்டாயம் நிறைவேற்றச் சொன்னதோடு, ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்துக்குள்ளும் மாற்றுத்திறனாளி மாணவர்களின் அன்றாடத் தேவைகளைக் கவனிக்க ஓர் அமைப்பு வைப்பது பற்றியும் பல்கலைக்கழக மானியக் குழுவைப் பரிசீலிக்கச் சொன்னது.

பிறகு வந்த பெரிய வழக்குகள் தேர்வறையைச் சுற்றியே நடந்தன. ‘ரைட்டர்ஸ் கிராம்ப்’ என்ற நரம்புச் சிக்கலால் எழுத முடியாத விகாஷ் குமாருக்குக் குடிமைப் பணித் தேர்வில் சொல்வதை எழுதுபவரை மறுத்தார்கள். மருத்துவர் குழு அவருக்குக் கணித்த குறைபாடு 6 சதவீதமே, 40 சதவீதம் தொடவில்லை என்பது காரணம். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தக் காரணத்தை ஏற்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் இன்னொரு தீர்ப்பு. எழுத்துக் குறைபாடு உள்ள அவ்னி பிரகாஷ் நீட் எழுதியபோது, அவருக்கு உரிய கூடுதல் ஒரு மணி நேரத்தைத் தராமல் விடைத்தாளைப் பிடுங்கிக்கொண்டார்கள். நடந்தது அநீதி என்றும் அதற்குப் பரிகாரம் காண வேண்டும் என்றும் நீதிமன்றம் தேசியத் தேர்வு முகமைக்குச் சொன்னது. இரண்டும் சிறந்த தீர்ப்புகள். ஆனால் வழக்குப் போடத் தோதான இடம் தேர்வறைதான். நேரம் கொடுத்தார்களா இல்லையா என்பதை நீதிபதி அளந்துவிடலாம். ஜூலை முதல் நவம்பர் வரை ஒருவருக்குப் பாடம் புரியும்படி யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று வழக்குப் போடுவது எப்படி?

பள்ளிகளுக்காவது ஒரு கணக்கு இருக்கிறது. 2022-ல் மத்திய அரசு வகுத்தபடி, சிறப்புத் தேவையுள்ள குழந்தைகள் தொடக்கப் பள்ளியில் 10 பேருக்கு ஒருவர், உயர் தொடக்கப் பள்ளியில் 15 பேருக்கு ஒருவர் என்று சிறப்பாசிரியர் இருக்க வேண்டும். தமிழ்நாட்டு வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநர்கள் தொகுப்பூதியத்தில் ஊர் ஊராக அலைந்து அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள். கல்லூரிக்கு அப்படி ஒரு விகிதம் கிடையாது. மானியக் குழு முன்பு கொண்டுவந்த திட்டத்தில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான உதவிப் பிரிவைக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் ஒருங்கிணைப்பாளராக இருந்து கவனிக்க வேண்டும் என்று இருந்தது. வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் பாடம் நடத்தி, விடைத்தாள் திருத்தி, தர மதிப்பீட்டுக் கோப்புகளையும் சுமக்கும் ஒரு பொருளியல் பேராசிரியர், டிஸ்லெக்ஸியா உள்ள மாணவருக்குப் படிக்கக் கற்றுக்கொடுப்பார் என்று எதிர்பார்ப்பது அவருக்கும் நியாயமில்லை, மாணவருக்கும் நியாயமில்லை.

அந்த வேலைக்குக் கல்லூரியிலும் சிறப்புப் பயிற்றுநர் வேண்டும். அவர் அங்கே என்ன செய்வார்? டியூஷன் வாத்தியார் செய்வதை இவர் செய்ய மாட்டார். விலங்கியல் இவருக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. வாரத்துக்கு இரண்டு மணி நேரம், முன்பு பார்த்த அந்த விலங்கியல் மாணவியோடு உட்கார்ந்து, விலங்கியலை எப்படிப் படிப்பது என்று அவருக்குக் காட்டுவார். 40 பக்க அத்தியாயத்தை முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்குவதுதான் மாணவியின் பழக்கம். அதை மாற்றி முதலில் தலைப்புகளையும் படங்களையும் பார்த்து, எதற்காகப் படிக்கிறோம் என்று ஒரு கேள்வியை எழுதிக்கொண்டு, அதன் பிறகு உள்ளே போகச் சொல்வார். நீளமான கலைச்சொல்லைத் துண்டு துண்டாக உடைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் என்ன பொருள் என்று காட்டுவார். ‘ஹீமோ’ என்றால் இரத்தம் என்று ஒரு தடவை பிடிபட்டுவிட்டால் பத்துச் சொற்களின் பாதி வாசிப்பு முடிந்துவிடும். கண்ணால் பார்த்து, வாயால் சொல்லி, கையால் எழுதி, காதால் கேட்டு ஒரே சமயத்தில் பல வழிகளில் பதியவைக்கும் முறை அமெரிக்காவில் ஆர்ட்டன், கில்லிங்ஹாம் இருவரும் ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது. குழந்தைகளுக்காகப் பிறந்த அந்த முறையைப் பத்தொன்பது வயதுக்காரருக்கு, அவர் மானம் குறையாமல், அவர் பாடத்தை வைத்தே நடத்துவது ஒரு தனித் திறமை. அதற்குப் பயிற்சி வேண்டும்.

அடுத்தது எழுத்து. டிஸ்லெக்ஸியா உள்ளவர்களிடம் கருத்து நிறைய இருக்கும், வரிசை இருக்காது. பயிற்றுநர் அவரை முதலில் பேசவைத்துப் பதிவு செய்வார். பேச்சிலிருந்து குறிப்பு, குறிப்பிலிருந்து வரைபடம், வரைபடத்திலிருந்து பத்தி. செல்போனிலேயே வாசித்துக் காட்டும் செயலிகளும் சொன்னதை எழுதும் செயலிகளும் இன்று இலவசம். அவற்றை வைத்திருப்பது வேறு, ஒரு செமஸ்டர் முழுக்கப் படிப்புக்குப் பயன்படுத்தும் பழக்கம் வேறு. நாட்காட்டியை எதிரே வைத்து, அசைன்மென்ட் கொடுக்க வேண்டிய தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி வேலையைப் பிரிக்கக் கற்றுக்கொடுப்பதும் இதில் சேரும். சொல்வதை எழுதுபவரோடு தேர்வெழுதுவதற்கே தனிப் பயிற்சி வேண்டும். வாயால் விடையை ஒழுங்காகச் சொல்வது, எழுதியதை வாசிக்கச் சொல்லித் திருத்துவது எல்லாம் தேர்வு நாளன்று முதல் முறையாகச் செய்கிற காரியங்கள் இல்லை.

பார்வையற்ற மாணவருக்கு வேறு விதமான உதவி வேண்டும். என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருளை ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர்கள் இருவர் உருவாக்கி உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்தார்கள். அது தமிழும் வாசிக்கும். ஆனால் யூனிகோடில் இருந்தால்தான் வாசிக்கும். தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று 2010-லேயே ஆணையிட்டது. ஆயினும் கல்லூரிகளில் கைமாறும் தமிழ் நோட்ஸில் எத்தனையோ பழைய எழுத்துருக்களில் தட்டச்சானவை, அல்லது ஸ்கேன் செய்த படங்கள். பார்வையற்ற மாணவருக்கு அவை காதில் குப்பையாக விழும், அல்லது எதுவுமே விழாது. பொருளியலில் வரும் தேவைக் கோட்டை அட்டையில் நூல் ஒட்டித் தடவிப் பார்க்கவைப்பது, புள்ளியியல் சூத்திரத்தைக் காதால் கேட்டுப் பிடிக்கவைப்பது இவையெல்லாம் தெரிந்த ஒருவர் இருந்தால் அந்த மாணவர் எந்தப் பாடத்தையும் எடுக்கலாம். இல்லாதபோது தமிழோ வரலாறோ படி என்று எல்லாரும் சேர்ந்து அவரை ஒரு பக்கமாகத் தள்ளுகிறார்கள். காது கேளாத மாணவருக்கு எழுத்துத் தமிழே இரண்டாவது மொழி. சைகை மொழி பெயர்ப்பாளர் இல்லாத வகுப்பறையில் அவர் உட்கார்ந்திருப்பது வருகைப் பதிவுக்காக மட்டும்தான். சென்னை மாநிலக் கல்லூரி காது கேளாதோருக்கென பி.காம்., பி.சி.ஏ. நடத்துவது நல்ல முன்மாதிரி. தாமிரபரணிக் கரையிலிருந்து அங்கே போய்த் தங்கிப் படிக்க எல்லாருக்கும் வசதி இருக்காது.

இந்த வேலையை இப்போது யார் செய்கிறார்கள்? வீட்டார். மதுரையைச் சேர்ந்த பார்வையற்ற பூரண சுந்தரி 2019-ம் ஆண்டுக் குடிமைப் பணித் தேர்வில் 286-வது இடம் பெற்றபோது நாடே பாராட்டியது. பாடங்களை வாசித்துக் காட்டப் பெற்றோர் எடுத்த பாட்டை அவரே நன்றியோடு சொன்னார். சென்னையின் பெனோ ஜெபின் 2015-ல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் முழுப் பார்வையற்றவர் ஆனதன் பின்னாலும் பெற்றோரின் குரல் இருந்தது. வணங்கத்தக்கவர்கள். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத பீடி சுற்றும் தாய்க்கும், குத்தகை வயலில் நிற்கும் தகப்பனுக்கும் பிறந்த பார்வையற்ற பிள்ளை என்ன செய்யும்? வீட்டாரின் படிப்பை நம்பி ஒரு மாணவரின் பட்டம் நிற்கக் கூடாது. ‘தாரே ஜமீன் பர்’ என்ற இந்திப் படம் 2007-ல் வந்தபோது டிஸ்லெக்ஸியா பற்றி இந்தியா முழுக்கப் பேசினார்கள். ஓவிய ஆசிரியர் தனியே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததால் மீண்டுவந்த அந்தச் சிறுவன், கல்லூரிக்குப் போனபோது யார் உட்கார்ந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

பிரிட்டனில் இதற்கு விடை கண்டிருக்கிறார்கள். மாற்றுத்திறனாளி மாணவர் உதவித்தொகை என்ற திட்டத்தில், டிஸ்லெக்ஸியா உள்ள பல்கலைக்கழக மாணவருக்குத் தனிப் பயிற்றுநரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. குடும்ப வருமானம் பார்ப்பதில்லை, கடன்போல் திருப்பிக் கட்டவும் வேண்டாம். அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் 1980 முதல் இதற்கென ஒரு மையம் இயங்குகிறது. வெர்மான்ட் மாநிலத்தின் லேண்ட்மார்க் கல்லூரி 1985 முதல் இத்தகைய மாணவர்களுக்காகவே நடக்கிறது. அரிசோனாவில் மாணவர் தனிக் கட்டணம் கட்ட வேண்டும், லேண்ட்மார்க்கில் சேரவோ பெரும் பணம் வேண்டும். தமிழ்நாடு பார்க்க வேண்டியது பிரிட்டனின் வழியை.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவை தெரிந்தவைதான். தரம் குறையும் என்பார்கள். பயிற்றுநர் கேள்வித்தாளைத் தொடுவதில்லை, மதிப்பெண் போடுவதும் இல்லை. எல்லாரும் எழுதும் தேர்வுக்குத் தயாராக்குகிறார், அவ்வளவுதான். போலிச் சான்றிதழோடு கூட்டம் வந்துவிடும் என்பார்கள். கூடுதல் நேரத்துக்காகவோ இடஒதுக்கீட்டுக்காகவோ யாராவது பொய் சொல்லக்கூடும். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்து படிப்பதற்காகப் பொய்ச் சான்றிதழ் வாங்கி வரும் மாணவரை எந்த ஊரிலும் பார்க்க முடியாது. அதனால்தான் இந்த உதவிக்குச் சான்றிதழே கேட்கக் கூடாது. 2018-ன் மத்திய அரசு விதிப்படி கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் 8 வயதுக்கு மேல் கொடுக்கப்பட்டு 14-லும் 18-லும் மறுபரிசோதனை செய்யப்பட வேண்டும் என்று இருந்தது. பள்ளியிலேயே கண்டுபிடிக்கப்பட்ட குழந்தையை மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடு அது. பத்தொன்பது வயதில் முதன்முறையாகச் சந்தேகம் வரும் கிராமத்துப் பெண்ணை, மருத்துவக் குழுவின் முத்திரையோடு வா என்று வாசலில் நிறுத்தினால் அவர் திரும்பி வரவே மாட்டார்.

பாளையங்கோட்டைக்கு எளிதாக வாய்க்கும் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனியே பயிற்றுநரை நியமிக்கப் பணம் இல்லை என்றால், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு மையம் வைக்கலாம். ஊரில் இருக்கும் கல்லூரிகளில் பெரும்பாலானவை சில கிலோமீட்டருக்குள் அடக்கம். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் அதை ஏற்று நடத்தட்டும். ஒரு பயிற்றுநர் வாரத்துக்கு 20 மணி நேரம் நேரடியாகக் கற்பித்தால், ஆளுக்கு இரண்டு மணி நேரம் என்று 10 மாணவர்களைப் பார்க்கலாம். ஆறு பேர் இருந்தால் 60 மாணவர்கள். கற்றல் குறைபாட்டுக்கு மூவர், பார்வைக்கு இருவர், சைகை மொழிக்கு ஒருவர் என்று தொடங்கலாம். ஆறு சம்பளம் என்பது ஒரு பல்கலைக்கழகத்துக்கும் மாநில அரசுக்கும் தாங்க முடியாத செலவு இல்லை. மையம் கல்லூரி வளாகத்துக்கு வெளியே இருப்பதில் இன்னொரு நன்மை உண்டு. தன் சிக்கலை விடுதித் தோழிகள் அறியக் கூடாது என்று நினைக்கும் பெண், மாவட்ட மைய நூலகத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்வரலாம்.

ஆள் கிடைக்குமா என்று கேட்பவர்கள் சுற்றிப் பார்க்க வேண்டும். நூறு ஆண்டு தாண்டிய இரண்டு சிறப்புப் பள்ளிகளின் அனுபவம் இந்த ஊரிலேயே இருக்கிறது. அங்கே ஓய்வுபெறும் ஆசிரியர்களுக்குத் தெரிந்தது பல்கலைக்கழகங்களுக்குத் தெரியாது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் அப்போது நான்காம் ஆண்டுப் பொறியியல் மாணவர். 1981-ல் அவர் தொடங்கிய அந்தச் சங்கம் கிராமம் கிராமமாகப் போய்க் குழந்தைகளின் குறைபாட்டைச் சின்ன வயதிலேயே கண்டறியும் வேலையைச் செய்கிறது. அங்கே அடையாளம் காணப்பட்டு வளர்ந்த குழந்தைகள்தான் கல்லூரிக்கு வருகிறார்கள். டிஸ்லெக்ஸியாவுக்கு மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா சங்கம் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துவருகிறது. முதல் ஆறு பேரை அங்கே அனுப்பிப் பழக்கலாம்.

அரசுக்கு இதில் விருப்பம் இல்லை என்று சொல்ல முடியாது. ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் மூன்றாம் வகுப்புக்குள் எல்லாக் குழந்தைக்கும் படிக்க வர வேண்டும் என்று உழைக்கிறார்கள். ‘புதுமைப் பெண்’ திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் கொடுத்து மாணவிகளைக் கல்லூரிக்கு அழைக்கிறார்கள். ‘நான் முதல்வன்’ திட்டத்தில் வேலைக்கான திறன் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு வகுப்புக்கு வந்து, ஒரு பக்கத்தை முக்கால் மணி நேரம் படிக்கும் பெண்ணுக்கு இந்த மூன்றுக்கும் நடுவில் ஒன்று விடுபட்டுப்போயிருக்கிறது.

தொடங்குவதற்குப் புதிய சட்டமும் வேண்டாம், புதிய கட்டடமும் வேண்டாம். முதலாண்டு மாணவர்களுக்குக் கல்லூரிகள் நடத்தும் பிரிட்ஜ் கோர்ஸில் இருபது நிமிடம் ஒதுக்கி, எல்லாரையும் தமிழில் ஒரு பக்கமும் ஆங்கிலத்தில் ஒரு பக்கமும் வாசிக்கவைத்தால் போதும். இரண்டிலும் மெதுவாகப் போகிறவர்கள் யார், ஆங்கிலத்தில் மட்டும் தடுமாறுகிறவர்கள் யார் என்று பயிற்சி பெற்ற கண்ணுக்குத் தெரிந்துவிடும். மூத்த மாணவர்களைக் கண்டுபிடிக்க அதுகூடத் தேவையில்லை. வகுப்புக்குத் தவறாமல் வந்தும், வாய்மொழித் தேர்வில் நன்றாகச் சொல்லியும், எழுத்துத் தேர்வில் மட்டும் ஒரே தாளை நான்காவது ஐந்தாவது முறையாக எழுதிக்கொண்டிருப்பவர்களின் பெயரும் பதிவெண்ணும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் கணினியில் இப்போதே இருக்கின்றன. முதல் அறுபது பேரை அந்தப் பட்டியலிலிருந்தே கூப்பிடலாம்.